மேற்குப் பக்கத்து மணி

பெரிய முள் ஒரு குதி குதித்து நின்றது. இந்த மணிக்கூண்டின் முள் வீட்டுக் கடிகாரத்து முள் மாதிரி தெரியாமல் நகர்ந்துபோகாது. அசையாமல் கிடக்கும். நின்றேவிட்டதோ என்று நாம் நினைக்கிற நேரத்தில் ஒரு குதி. சின்ன வயதில் அந்தக் குதியை எப்படியாவது கண்ணால் பிடித்துவிட வேண்டும் என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாக அந்த நேரத்துக்கு யாராவது வந்து இரண்டு முழம் ரிப்பன் கேட்பார்கள். குனிந்து அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் முள் அடுத்த கோட்டில் இருக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி. இப்போது ரிப்பன் கேட்க யாரும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டி, மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டு, அதே மேற்குப் பக்கத்தில், கூண்டைச் சுற்றியிருக்கிற கம்பி வேலியின் கல்கட்டில் உட்கார்ந்து, கழுத்து வலிக்க வலிக்க அதே முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து மணிக்குக் கூண்டுக்கடியில் இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். தனியாக. ஐந்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. முடிவெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் தலையில் இருப்பதே பின்பக்கம் ஒரு பிறை அளவு. அதற்குப் போய் இவ்வளவு நேரமா? ஆனால் தங்கராசு சலூனில் எப்போதும் கூட்டம், முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேப்பர் படிப்பார்கள், ஆட்சியைப் பிடிப்பார்கள், இறக்குவார்கள். அதுவும் நேரம்தானே. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிழக்குப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கேட்டேன், நானும் கூட வருகிறேனே என்று. "சலூனுக்குள்ள வந்து உட்காரப் போறியா?" என்றார். "உள்ள எதுக்கு, வெளிய நிக்கிறேன்." "வெளிய நீ நின்னா உள்ள இருக்கிறவன் பூரா சிரிப்பான். பொண்டாட்டியக் காவலுக்குக் கூட்டிக்கிட்டு முடிவெட்ட வந்திருக்கான் பாருன்னு." "சிரிச்சா சிரிக்கட்டும்." "நீ சிரிப்பே, உனக்கென்ன." பிறகு குரலைத் தாழ்த்தி, "பூரணம், ஒரே ஒரு தடவை. நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றார். ஒரு ரவிக்கைத் துணிக்குக்கூட நான்தான் அவரிடம் வாழ்க்கையெல்லாம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டதில்லை. அதனால்தான் தலையாட்டிவிட்டேன். "வழி தெரியும்ல?" என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இந்த ரவுண்டானாவை எத்தனை ஆயிரம் தடவை சுத்தியிருப்பேன், என்கிட்ட வழி தெரியுமான்னு கேக்கிறே." சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து என் பையில் போட்டார். "துணி போர்த்தினப்புறம் இது உள்ள இருந்துக்கிட்டு அடிக்கும், தங்கராசுக்குக் கை நடுங்கும், என் காது போயிரும்." பிறகு கூண்டை அண்ணாந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன் திருகாணியைப் பிடித்து முள்ளைப் பின்னால் திருப்பினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாரும் முள்ளை முன்னால்தான் தள்ளி வைப்பார்கள், இவர் ஏன் பின்னால் திருப்புகிறார்? கேட்கவில்லை. கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் எல்லாம் குழம்பிப்போகும், இவர் மறதிக்குப் பார்க்கிற டாக்டரும் அதைத்தான் சொன்னார், பதற வைக்காதீர்கள் என்று. என்னைப் போல ஒரு ஆளிடம் வந்து பதற வைக்காதே என்று சொல்வது, மீனிடம் போய் நனையாதே என்று சொல்கிற மாதிரி. போய்விட்டார். கிழக்கே செருப்புக்கடைச் சந்தில் திரும்பும் வரை பார்த்தேன். வலது பக்கம்தான் திரும்பினார். சரியான சந்துதான். அப்புறம் கால் பழக்கத்தில் மேற்குப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

குதித்தது. ஒரு புறா பறந்துபோனது. இந்தக் கூண்டில் எங்கள் ஊருக்கு நாலு கடிகாரம். வெளியூர்க்காரர்களுக்கு நாலும் ஒன்றுதான், எங்களுக்கு அப்படி இல்லை. வடக்குப் பக்கத்துக் கடிகாரத்துக்கு முள்ளே கிடையாது, ஏதோ ஒரு புயலில் விழுந்துவிட்டது, வெறும் வட்டம் மட்டும் இருக்கிறது, நெற்றிப்பொட்டு அழிந்த முகம் மாதிரி. தெற்குப் பக்கத்தை நகைக்கடை விளம்பரப் பலகை மறைத்துவிட்டது. ஓடுவது இரண்டுதான். மேற்கும் கிழக்கும். அந்த இரண்டுக்கும் ஆகாது. எங்கள் மேற்கு மணி எப்போதும் முந்தி ஓடும். கிழக்கு மணி பின்தங்கியே இருக்கும். சாயங்காலம் கிழக்குப் பக்கம் நிழல் விழுவதால் புறாக்களெல்லாம் அங்கே போய்ப் பெரிய முள்ளின்மேல் உட்காருகின்றன, முள் ஏறுகிற நேரம் அதன் பாரம் தாங்காமல் பின்தங்குகிறது என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ. எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் மேற்கு மணிக்குக் கடை திறப்பார்கள், அந்தப் பக்கத்தில் டவுன் பஸ்ஸெல்லாம் கிழக்கு மணிக்குக் கிளம்பும். அந்த ஜனத்தைப் பற்றி எங்கள் அப்பா சொல்வார், "கெழக்க உள்ளவனுக்கு எல்லாமே கொஞ்சம் கழிச்சுத்தான் புரியும்." அவர்கள் எங்களைச் சொல்வது, "மேக்க உள்ளவனுக்கு வெந்நி காயுறதுக்கு முந்தியே குளிக்கணும்." சந்தைக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், இரண்டையும் பார்த்து நடுவில் ஒரு நேரத்தை வைத்துக்கொள்வார்கள். நான் மேற்கே பிறந்தவள். அவர் கிழக்கு மணிக்கு வேலை பார்த்தவர். டவுன் பஸ் கண்டக்டர்.

மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே இந்தக் கடிகாரத்தில்தான். இதோ எதிரில் செல்போன் கடை இருக்கிறதே, அங்கேதான் அப்பாவின் பேன்சி கடை. ரிப்பன், வளையல், ஊக்கு, சாந்து. என்னைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "அந்தா ஒத்தைக் கோடு, அது ஒண்ணு. ரெட்டைக் கோடு ரெண்டு" என்று சொல்லிக்கொடுத்தார். நாலு கோடு நாலு. ஆறாவது வகுப்பில் ரோமன் எண் பாடத்தில் டீச்சர் போர்டில் வேறு மாதிரி எழுதினாள், ஒரு கோடும் ஒரு கவட்டையும் போட்டு இதுதான் நாலு என்றாள். நான் எழுந்து, "இல்ல டீச்சர், நாலு கோடு" என்றேன். "யார் சொன்னா?" "மணிக்கூண்டு சொல்லுது டீச்சர்." வகுப்பே சிரித்தது. விரல் முட்டியில் ஸ்கேலால் அடி. அன்று சாயங்காலம் கடைக்கு ஓடிவந்து முதலில் இதைத்தான் பார்த்தேன். நாலு கோடு. இப்போதும் பார்க்கிறேன், நாலு கோடுதான். யார் சரி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டாவதோடு அம்மா படுக்கையில் விழுந்தாள், நான் கடையில் உட்கார்ந்தேன். கல்யாணம் வரை என் எதிரே உட்கார்ந்திருந்தது இந்தக் கடிகாரம் ஒன்றுதான். கூட்டாளி என்று வேறு யாரைச் சொல்ல? அதன் உச்சியில் காரை வெடிப்பில் ஒரு அரசங்கன்று முளைக்கும், நகராட்சி ஆள் ஏறி வெட்டுவான், மறு மழைக்கு முளைக்கும். இப்போதும் இருக்கிறது பார், எட்டிப் பார்க்கிறது. உனக்கு வெட்கமே கிடையாதா? எனக்கும் கிடையாது. நானும் எத்தனை வெட்டுக்குத் தப்பி மறுபடி மறுபடி இங்கேதான் வந்து உட்காருகிறேன்.

பைக்குள் போன் அடித்தது. அவர் போன். எடுத்துப் பார்த்தால் நவநீதன். என் மகன், பெங்களூரிலிருந்து. எடுக்காமல் இருந்தால் பயப்படுவான், எடுத்தால் கேட்பான். எடுத்தேன். "அப்பா?" "நான்தான்ப்பா." "அப்பா போனை நீங்க ஏன் எடுக்கிறீங்க?" பெற்ற பிள்ளை, என்னைப் போலவே, முதல் கேள்வியே பதற்றம். "முடிவெட்டிக்கிட்டு இருக்காரு." "நீங்க எங்கே?" "இங்கதான்." "இங்கன்னா எங்கே?" "கூண்டுகிட்ட." அலுவலகத்தில் பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசுகிற சத்தம் கேட்டது. "தனியா விட்டீங்களா?" "ரெண்டு சந்து தள்ளித்தான்ப்பா சலூன். பொம்பளை நான் எப்படி உள்ள போய் உட்கார?" "நான் என்னம்மா சொல்லிட்டு வந்தேன்?" சொல்லிவிட்டுத்தான் போனான். இன்னொரு தடவை அப்பா தொலைந்தால், கேட்கவே மாட்டேன், வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று. பதினோராவது மாடி. ஒரு தடவை போய்ப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் வானம்தான், மனிதர்கள் கிடையாது. வாசலில் வாட்ச்மேனிடம் சொல்லிவைப்பானாம், அப்பா வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. இவரை. நாளெல்லாம் ஊரைச் சுற்றிய கால். "அஞ்சு மணிக்கு வந்துருவாரு. வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்றேன். "வரலைன்னா?" "வருவாரு." "வரலைன்னா உடனே சொல்லணும், மறைக்கக்கூடாது." "நான் எதை மறைச்சேன்?" "போன தடவை மறைச்சீங்கள்ல." அவன் கோபித்துக்கொள்வது பாசத்தினால்தான். தெரியாதா எனக்கு? பாசத்தினால் பூட்டுகிற பூட்டுக்குச் சாவி கிடையாது, அதுதான் பயம்.

போன தடவை. பால் வாங்கப் போனவர் வரவில்லை. பால் தூக்கை வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஏறியவர் படிக்கட்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு நிறுத்தமாகக் குரல் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி, பருத்திக் கிட்டங்கி, சின்னப்பாலம், சுங்கச்சாவடி என்று வரிசையாக. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அந்தப் பஸ் இப்போது அந்த வழியாகப் போவதில்லை, புறவழிச்சாலை வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது. அவர் சின்னப்பாலம் என்று கத்தும்போது வெளியே பெட்ரோல் பங்க் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாராம். அந்த வண்டிக் கண்டக்டர் ஒரு சின்னப் பெண், அவளுக்கு இவரை அடையாளம் தெரிந்திருக்கிறது. திரும்பி வருகிற வண்டியிலேயே உட்கார வைத்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "அம்மா, சார் டிக்கெட் எடுக்கச் சொல்லி என்னையவே கேட்டாரும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்து தூக்கை அடுப்படியில் வைத்தார். பாலெல்லாம் புளித்துப்போயிருந்தது. "பூரணம், வழியை மாத்திட்டான்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வழியை மாற்றிவிட்டார்கள். உண்மைதானே. அவர் மேல் என்ன தப்பு? சலூன் சந்தை யாராவது மாற்றியிருப்பார்களா? செருப்புக்கடை அங்கேதான் இருக்கிறது, பார்த்தேன். உள்ளே சலூன் இருக்கிறதா? போன மாதம் இருந்தது. அப்போது நவநீதன் கூடப் போனான். தங்கராசு இருக்கிறானா? அவனுக்கே உடம்பு சரியில்லை என்றார்களே. கடை பூட்டியிருந்தால்? பூட்டிய கடையைப் பார்த்ததும் இவர் என்ன செய்வார்? இதையெல்லாம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா நான்? எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் தலையாட்டிவிட்டேன்.

குதித்தது. ஐந்து. சின்ன முள் கவட்டை மேல், பெரிய முள் உச்சியில். சட்டென்று எழுந்துவிட்டேன், ரயில் வந்துவிட்ட மாதிரி. யாரும் வரவில்லை. பக்கத்தில் கைக்குட்டையும் தொப்பியும் விற்கிற சவரிமுத்து அண்ணன் பார்த்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து தெரிந்தவர். "என்ன தங்கச்சி, யாருக்குக் காத்திருக்கே?" "வீட்டுக்காரருக்குத்தான்ண்ணே. அஞ்சுக்கு வாரேன்னாரு." அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "கண்டக்டர் எந்த அஞ்சைச் சொன்னாரோ." அதுவும் சரிதான். நான் ஏன் மறந்தேன்? அவருக்கு எப்போதும் கிழக்கு அஞ்சுதான். எங்கள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. இந்த ரவுண்டானாவை ஒட்டி இருந்த சத்திரத்தில் முகூர்த்தம். மேற்கு மணியில் நேரம் தாண்டிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகமே சிவந்துவிட்டது. மணவறையில் மாலையைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், மாலை கனத்துக்கொண்டே வருகிறது, மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று யாரோ காதுக்குப் பக்கத்தில் சொல்கிறார்கள். அப்போது கொட்டுச் சத்தம். நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் வருகிறார்கள். "என்ன சம்பந்தி, நேரத்துக்கு வர்றதில்லையா?" என்று அப்பா கத்தினார். மாமனார் கைக்கடிகாரத்தைக் காட்டி, "சரியா வந்திருக்கோமே, கூண்டைப் பார்த்து வச்சது" என்றார். "எந்தக் கூண்டை?" "ஊருக்கு எத்தனை கூண்டு இருக்கு?" ஐயர் இரண்டு பேரையும் பார்த்து, முகூர்த்தம் என் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, உங்கள் கூண்டில் இல்லை என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்ன வார்த்தை, "பயந்துட்டியா?" என்பதுதான். அதற்கு முன்னால் நாங்கள் பேசியதே இல்லை. பயந்துவிட்டேன் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து நான் அவசரக்காரி, அவர் ஆறின சோறு. எத்தனை சண்டை. சினிமாவுக்கு நான் முந்தி, அவர் பிந்தி, எழுத்துப் போடுகிறதை நானும் அவரும் சேர்ந்து பார்த்ததே கிடையாது.

மேற்கு மணிக்கும் கிழக்கு மணிக்கும் பத்து நிமிடம் வித்தியாசம் என்பது கணக்கு. அப்படியென்றால் இந்த மணி ஐந்து பத்து காட்டும்போது அவருக்கு ஐந்து. உட்கார்ந்தேன். பத்து குதி. அவ்வளவுதான். எண்ணவில்லை, எண்ணினால் முள் கோபித்துக்கொள்ளும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு எண்ணம். மல்லிகைப்பூ வண்டி போகிறது, டீசல் புகையும் மல்லிகையும் சேர்ந்த வாசம், இந்த ரவுண்டானாவைத் தவிர எங்கேயும் இந்த வாசம் கிடையாது. பெங்களூரில் ஒரு வாசமும் இல்லை. குதித்தது. யாரோ வெள்ளைச் சட்டையில், இல்லை, இவர் கட்டம் போட்ட சட்டை. கட்டம் போட்ட சட்டைதானே? நீலமா பச்சையா? போலீஸில் கேட்டால் என்ன சட்டை என்றுதான் முதலில் கேட்பார்கள். காலையில் நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், என் கைதான் போட்டது, நிறம் நினைவுக்கு வரவில்லை. மறதி எனக்குமா? இரண்டு பேருக்கும் வந்துவிட்டால் யார் யாரைத் தேடுவது? குதித்தது. அவர் பின்னால் திருப்பினாரே முள்ளை. ஏன் திருப்பினார்? பின்னால், பின்னால் என்று போய்க்கொண்டே இருக்கிறாரா, சின்னப்பாலத்துக்கு, சுங்கச்சாவடிக்கு, இன்னும் பின்னால், நான் இல்லாத ஒரு நேரத்துக்கு? அங்கே போய்விட்டால் என்னை எப்படி அடையாளம் தெரியும்? ஐந்து பத்து. தாண்டியும் குதித்துவிட்டது. வரவில்லை. கிழக்குப் பக்கம் போய்ப் பார்க்கலாம். ஆனால் நான் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போகும்போது அவர் அந்தப் பக்கமாகச் சுற்றி இங்கே வந்துவிட்டால்? நான் சொன்ன இடத்தில் இல்லை என்று நினைத்தால்? போகாமல் இருந்தால்? கூண்டின் அடியில் மின்சார அறை வேறு, அதைச் சுற்றி மினி பஸ்கள், இங்கிருந்து அந்தப் பக்கம் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு அடி வைத்தேன். திரும்பி வந்தேன். மறுபடி இரண்டு அடி. சவரிமுத்து அண்ணன், "தங்கச்சி, போறதுன்னா போ. வந்தா நான் பிடிச்சு வைக்கிறேன், கைக்குட்டை வாங்காம விட மாட்டேன்" என்றார். வீட்டைப் பூட்டுவது, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது, பதினோராவது மாடி, வாட்ச்மேன், எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தெய்வேந்திரன் என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை, நடுத்தெருவில் நின்று அதைக் கத்த வேண்டிவருமோ? போனேன். வடக்குப் பக்கமாக, முள்ளில்லாத கடிகாரத்துக்குக் கீழே, பூக்கடை ஓரமாக, கம்பி வேலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே.

கிழக்குப் பக்கத்தில் அவர் இல்லை. அவித்த கடலை விற்கிற மைமூன் வண்டியும், அதற்குப் பின்னால் காலியான கல்கட்டும்தான் இருந்தன. வண்டியைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா!" என்றாள் மைமூன். "நீங்க இங்க வந்துட்டீங்களா? அண்ணன் உங்களைத் தேடி இப்பத்தான் அந்தாப்புல போனாரு." "யாரு?" "யாருன்னா? உங்க வீட்டுக்காரருதான். எவ்வளவு நேரமா இங்கேயே உட்கார்ந்து கடலை தின்னுக்கிட்டு இருந்தாரு. அஞ்சு மணிக்கு வாரேன்னிருக்கேன், இன்னும் நேரம் இருக்குன்னாரு. அப்புறம் திடீர்னு எந்திரிச்சு, அய்யய்யோ, அவ மணியில எப்பவோ அஞ்சு ஆயிருக்கும், பயந்து செத்துக்கிட்டு இருப்பான்னு சொல்லிட்டுத் தெற்கால சுத்திப் போனாரு. என்னக்கா, அழுவுறீங்களா?" "தூசி" என்றேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். கல் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் கடலைத் தோல் குவித்து வைத்திருந்தார், சிதறாமல், ஒரு சின்னக் கோபுரம் மாதிரி. அவர்தான். வேறு யார் கடலைத் தோலை இப்படி அடுக்குவார்கள்? ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று கால் துடித்தது. அசையாதே என்று எனக்கே சொன்னேன். இந்தத் தடவை நீ அசையாதே பூரணம். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். எத்தனை வருடம் ஆயிற்று இந்தப் பக்கத்து மணியை நிமிர்ந்து பார்த்து? அவர் வேலையை விட்டு வந்தபிறகு பார்த்ததே இல்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. இன்னும் பின்தங்கிவிட்டது. பத்து நிமிட வித்தியாசம் இருபதாகியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பெரிய முள்ளின்மேல் ஒரு புறா சொகுசாக உட்கார்ந்திருந்தது. இதைப் பார்த்துத்தான் முள்ளைப் பின்னால் திருப்பியிருக்கிறார். அவர் தாமதமே இல்லை. நான் செத்துப் பிழைத்ததெல்லாம், அவர் சொன்ன நேரம் வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

தெற்குப் பக்கம் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இருந்து வந்தார். நீலக் கட்டம். பிடரியில் பவுடர். எதிரே வருகிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள், ஏன் என்று கிட்டே வந்ததும் தெரிந்தது. கழுத்தில் தங்கராசு கட்டிய வெள்ளைத் துணி, முடித்துகள்களோடு, முழங்கால் வரை தொங்கிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் கோபமாக வருகிறார். "ஏன்டி, உன்னை எங்க இருக்கச் சொன்னேன்?" "கூண்டுக்கடியில." "இருந்தியா? அங்க போனா சவரிமுத்து, தங்கச்சி வடக்கால போயிருச்சுங்கிறான். ஒரு கைக்குட்டை வேற தலையில கட்டிட்டான். ஒரு இடத்துல இருக்கத் தெரியாதா உனக்கு? நீ தொலைஞ்சு போயிட்டா உன் மகனுக்கு யாரு பதில் சொல்றது?" மைமூன் வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். நான் கேட்டேன், "கழுத்துல என்னங்க?" குனிந்து பார்த்தார். துணியின் நுனியைக் கையில் எடுத்தார். ஒரு நொடி, பெட்ரோல் பங்கைப் பார்த்த மாதிரி, அவர் முகத்தில் ஒன்றும் இல்லாமல் போனது. எனக்கு அது தாங்காது. "நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குக் கல்யாணத்துலகூட இப்படி ஒரு அங்கவஸ்திரம் போட்டுக்கிட்டு, இதே மாதிரி பிந்தித்தான் வந்தீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக, கொஞ்சம் கழித்து, சிரிப்பு வந்தது. "நான் சரியா வந்தேன். உங்கப்பன்தான் கத்தினாரு." பிறகு கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார், முடிச்சு எட்டவில்லை. நான் எழுந்து அவிழ்த்துவிட்டேன். கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டேன். நரைமுடி, பஞ்சு மாதிரி.

"தங்கராசு தேடுவான். அடுத்த ஆளுக்குப் போர்த்தத் துணி வேணும்ல" என்றார். துணியை வாங்கி உதறி, கண்டக்டர் பையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டார். நானும் வருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். "போயிட்டு வாங்க" என்றுதான் வந்தது. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை போல. ஒரு அடி போய்விட்டுத் திரும்பி, "அஞ்சுக்குள்ள வந்துருவேன். இங்கேயே இரு. என் பக்கத்துலயே" என்றார். செருப்புக்கடைச் சந்தில், வலது பக்கம் திரும்பினார். பைக்குள் போன் அடித்தது. நவநீதன். "அம்மா, அப்பா வந்துட்டாரா?" "வந்துட்டாரு. மறுபடி சலூனுக்குப் போயிருக்காரு, துணியைக் கொடுக்க." "தனியாவா?" "தனியாத்தான்." "அம்மா!" "அஞ்சுக்குள்ள வந்துருவாருப்பா." "இப்பவே அஞ்சு தாண்டியாச்சும்மா." "எந்தப் பக்கத்துல?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பெங்களூரில் ஒரே நேரம்தான். "அப்புறம் அப்பாவே கூப்பிடுவாரு" என்று வைத்துவிட்டேன். மைமூன் ஒரு பொட்டலம் கடலையை என் கையில் வைத்தாள். அண்ணாந்து பார்த்தேன். ஐந்து ஆகவில்லை. முள் குதிக்கப் பார்த்தது, அதற்குள் இன்னொரு புறா வந்து அதன்மேல் இறங்கியது. விரட்டத் தோன்றவில்லை. உட்காரு, என்றேன்.